சுல்தானா வெடிப்பு: பழி கேப்டனோடு முடிகிறதா?

கரையோரன்:
1865 ஏப்ரல் 27, விடியற்காலை 2 மணி. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் நேரம். மெம்பிஸ் நகருக்கு வடக்கே மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா நீராவிக் கப்பலின் பாய்லர்கள் வெடித்தன. 376 பேருக்கான கப்பலில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள்! பெரும்பாலோர் தெற்குத் தரப்பின் ஆண்டர்சன்வில், கஹாபா போர்க்கைதிச் சிறைகளிலிருந்து எலும்பும் தோலுமாய் ஊர் திரும்பிய வடக்குப் படைச் சிப்பாய்கள். இறந்தவர்கள் 1,100 முதல் 1,800 வரை. கணக்குக்குக் கணக்கு மாறுகிறது. என்னைக் கேட்டால் கேப்டன் மேசன்தான் குற்றவாளி. சிப்பாய்களை ஏற்றிய விக்ஸ்பர்க் துறையில் பாய்லர் கசிந்தபோது தகட்டையே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். அதற்கு நாள் பிடிக்கும், சவாரி கைநழுவும். மெல்லிய தகட்டை ஒட்டுப் போட வைத்துக் கிளம்பிவிட்டார்.

பாய்லர்ரூம்:
ஒட்டு மேலேயே எல்லாவற்றையும் போடாதீங்க. நான் பாய்லர் வேலை பார்க்கிறவன். அந்த இடம்தான் முதலில் விட்டது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அது குழாய் பாய்லர், உள்ளே நெருக்கமாகக் குழாய்கள் ஓடும் ரகம். மிசிசிப்பித் தண்ணீரோ சேறு. குழாய்களுக்கு நடுவே வண்டல் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, இரும்பே இளகிவிடும். போதாக்குறைக்கு மேல்தளம் முழுக்க ஆள், அடியில் இருந்த சர்க்கரையை மெம்பிஸில் இறக்கியாச்சு. தலை கனத்து கப்பல் சாயும்போது மேட்டுப் பக்கப் பாய்லரில் தண்ணீர் வடிந்து இரும்பு காயும். நிமிரும்போது அதே தண்ணீர் காய்ந்த இரும்பில் பாயும். அப்புறம் ஆவியை யார் பிடித்து வைப்பது?

தேன்மொழி:
மேல்தளத்தில் அத்தனை பேரை ஏற்றியது யார் சார்? முந்தின நாள் ஹெலினாவில் எடுத்த புகைப்படத்தைப் பாருங்கள், கூரைவரை மனிதத் தலைகள். ஏற்றிய சிப்பாய்க்குத் தலைக்கு இவ்வளவு, அதிகாரி என்றால் கூடுதல் என்று அரசு பணம் கொடுத்தது. அதில் ராணுவ அதிகாரி ஹாட்சுக்குப் பங்கு என்ற குற்றச்சாட்டு உண்டு. விக்ஸ்பர்க் துறையில் நின்ற பாலின் கரோல் கப்பல் ஏறக்குறையக் காலியாகப் போனதே!

கரையோரன்:
சரிங்க, ஆனால் ஏற்ற மாட்டேன் என்று மேசன் சொல்லியிருக்கலாமே?

தேன்மொழி:
சொல்லியிருக்க வேண்டும். அவர் ஆற்றோடு போய்விட்டார். உயிரோடிருந்த ஹாட்ச் விசாரணைக்கு அழைத்தும் வரவில்லை. ஃபிரெடரிக் ஸ்பீட் என்ற அதிகாரி ஒருவரைக் குற்றவாளி என்றார்கள், பிறகு அதையும் ரத்து செய்தார்கள். அத்தனை உயிருக்கு ஒருவர்கூடத் தண்டனை அனுபவிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பாய்லர்ரூம்:
ஹாட்சைத் தூக்கில் போட்டிருந்தாலும் அந்தச் சேற்றுத் தண்ணீரில் அந்தப் பாய்லர் ஓடும்வரை இன்னொரு கப்பல் வெடித்திருக்கும் அம்மா. 1866 தொடக்கத்தில் வெடிக்கவும் செய்தது. அதன் பிறகுதான் கீழ் மிசிசிப்பிக் கப்பல்களிலிருந்து அந்த ரகத்தைக் கழற்றினார்கள்.