ஊர்க் காசு பிள்ளைகளின் கைக்கா, பல்கலைக்கழகத்துக்கா?

மண்டூர்ப் பக்கம்
எங்கள் ஊர்ப் பழைய மாணவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும் இங்கே உத்தியோகம் பார்ப்பவர்களுமாக, பத்து லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். பல்கலைக்கழகப் படிப்புக்கு உதவ வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே மனம். எப்படி என்பதில்தான் இழுபறி. இந்த முறை தெரிவான பிள்ளைகளுக்கு மாதாமாதம் கொடுப்போம் என்கிறது ஒரு பக்கம். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பீடத்துக்கு மொத்தமாகக் கொடுத்து ஊர்ப் பெயரில் நிதியம் வைப்போம் என்கிறது மற்றப் பக்கம். நான் முதல் பக்கம். எங்கள் படுவான்கரைப் பகுதியில் வெள்ளாமை பிழைத்த வருடம் என்றால், கம்பஸ் போகும் பிள்ளையின் பஸ் காசே கடனில்தான் வரும். இலவசக் கல்வி என்றால் கட்டணம் இல்லை என்பது மட்டும்தானே? சாப்பாடும் போர்டிங்கும் அதற்குள் வராது.

கல்லடியான்
தம்பி, நான் பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கைப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள், மாதம் 5,000, வருடத்துக்குப் பத்து மாதம். ஐந்து லட்சம் போய்விடும். இரண்டாம் வருடத்தோடு பெட்டி காலி, அந்தப் பிள்ளைகளின் படிப்போ பாதியில் நிற்கும்.

நிலைத்து நிற்பது நிறுவனம்தான். பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல உதவிப்பணத் திட்டம் 1981இல் தொடங்கியது. வர்த்தகக் கண்காட்சியும் லொத்தர் இலாபமும் சேர்ந்து நிதியமாக வளர்ந்ததால்தான் இன்றைக்கும் கொடுக்கிறது. அதே 1981இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. விபுலாநந்த அடிகளார் 1929இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். எத்தனை தலைமுறை அதில் படித்து வந்திருக்கிறது!

பீடத்துக்குக் கொடுத்தால் ஆய்வுகூடக் கருவி வாங்கலாம், வெளிக்களப் பயணத்துக்கு பஸ் பிடிக்கலாம். நிதியாளர் கணக்கு வைப்பார், கணக்காய்வும் நடக்கும். ஊர்க் கமிட்டியில் யார் கணக்குப் பார்ப்பது?

மண்டூர்ப் பக்கம்
ஐயா, உங்கள் கணக்கையே திருப்பிப் போடுகிறேன். பத்து லட்சத்தை நிலையான வைப்பில் போட்டு எட்டு வீத வட்டி வந்தாலும் வருடத்துக்கு 80,000. மாதம் 8,000 வீதம் பத்து மாதத்துக்கு ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் காணும். பெயர்ப் பலகை நிலைக்கும், சரி. மற்ற ஒன்பது பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

இலண்டனில் இருந்து
காசு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். கையில் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கொடுப்பவனுக்கு ஒரு உறுதி வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெறுபேறு அனுப்பட்டும், சித்தி அடையாவிட்டால் நிறுத்துவோம். கோயில் மண்டபத்தில் வைத்துக் காசோலை கொடுத்து நாலு படம் எடுத்துப் போட்டால் இங்கே இன்னும் பத்துப் பேர் முன்வருவார்கள். இரவு வேலை செய்து உழைத்த காசு, எங்கே போகிறது என்று கேட்பது குற்றமா?

சம்மாந்துறை ராத்தா
கேட்பது குற்றமில்லை தம்பி, படம் எடுப்பதுதான் குற்றம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை. அந்தப் படம் முகநூலில் வருடக்கணக்கில் கிடக்கும். நாளைக்கு அதே பிள்ளை ஆசிரியையாகவோ பொறியியலாளராகவோ ஊருக்கு வரும்போதும் கிடக்கும். எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவில் இந்தப் பேச்சு வந்தபோது பெண் பிள்ளைகளின் தாய்மார்தான் முதலில் எதிர்த்தார்கள். படம் எடுப்பதென்றால் எங்களுக்கு அந்தக் காசே வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு பெயர் விபரம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், காசு நேரே பிள்ளையின் வங்கிக் கணக்குக்குப் போகும்.

இன்னொன்று. ஸக்காத், அதாவது எங்கள் கட்டாய தர்மம், உரியவரின் கையில் சேர வேண்டும் என்பதை நாங்கள் இறுக்கமாகப் பார்க்கிறோம். கட்டடத்துக்கும் கருவிக்கும் ஸதகாவில், அதாவது விரும்பிக் கொடுக்கும் தர்மத்தில் இருந்து கொடுக்கலாம். ஒலுவில் கம்பஸுக்கு நூல் வாங்கிக் கொடுக்க விரும்புகிறவர்கள் அந்த வழியில் கொடுக்கட்டும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போடப் பார்ப்பதால்தான் உங்களுக்குள் இவ்வளவு சண்டை.

மூன்றாம் வருடம்
நான் வெள்ளாவெளிப் பக்கம். வெளி மாவட்டத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன். யாரும் எங்களிடம் கேட்காததால் எழுதுகிறேன்.

மகாபொல 2025இல் மாதம் 5,000இலிருந்து 7,500 ஆனது, பர்சரி என்ற மற்ற உதவிப்பணம் 6,500 ஆனது. நல்ல விஷயம். ஆனால் கம்பஸுக்குள் காலை வைக்கும் மாதத்தில் எந்த உதவிப்பணமும் கைக்கு வராது. கிராம சேவகரிடம் வருமானம் உறுதிப்படுத்தி, படிவம் கொடுத்து, பட்டியல் வந்து, முதல் தவணை கிடைக்க மாதங்கள் ஆகும். செலவு மட்டும் முதல் கிழமையே வந்து நிற்கும். எனக்குப் போர்டிங் வீட்டுக்காரர் மூன்று மாத வாடகையை முற்பணமாகக் கேட்டார். மெத்தை, வாளி, ஆய்வுகூட மேலங்கி, கல்குலேட்டர், பஸ் காசு. அம்மா தோட்டை அடகு வைத்தார். முதலாம் அரையாண்டு முழுக்க நான் பரிசோதனை அறிக்கைகளை போனில்தான் டைப் செய்தேன். அட்டவணை கட்டம் கட்டமாகக் குலைந்துபோகும், விடிய இரண்டு மணிக்கு இன்னொருத்தியின் லெப்டொப்பை இரவல் வாங்கித் திருத்துவேன். அந்த அரையாண்டுப் புள்ளிதான் என் பெறுபேற்றிலேயே குறைவு.

இலண்டன் அண்ணா, நீங்கள் சொன்ன நிபந்தனை அப்போது இருந்திருந்தால் உதவி மிகவும் தேவைப்பட்ட நேரத்திலேயே எனக்கு நிறுத்தியிருப்பீர்கள்.

இலண்டனில் இருந்து
தங்கச்சி, இதை நான் இப்படி யோசிக்கவில்லை. சரி, முதல் வருடத்துக்கு நிபந்தனை வேண்டாம். படமும் வேண்டாம். ஆனால் இரண்டாம் வருடத்தில் இருந்து தொடர்ந்து படிக்கிறாரா என்று தெரிய வேண்டும், அதை விட மாட்டேன். இடையில் விட்டுவிட்டு வெளிநாடு போனவருக்கும் காசு போய்க்கொண்டிருந்த கதை எங்களுக்குத் தெரியும்.

கல்லடியான்
பிள்ளை சொன்னது மனதைத் தொடுகிறது. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. அப்படி உள்ளே போகும் பிள்ளை ஆங்கிலத்திலும் கணினியிலும் மற்றவர்களோடு ஓட முடியாமல் திணறுகிறது. மாதம் 5,000 அதைத் தீர்க்காது. பீடத்தோடு சேர்ந்து முதல் மூன்று மாதம் ஒரு ஆங்கில வகுப்பு, இரவல் கொடுக்கப் பத்து லெப்டொப், இதைச் செய்தால் வருடாவருடம் புதுப் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

மண்டூர்ப் பக்கம்
லெப்டொப் விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது பீடத்தின் அலுமாரிக்குள் போனால் கையெழுத்து வாங்கி எடுப்பதற்குள் அரையாண்டு முடிந்துவிடும். அதோடு எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் பேராதனை, மொரட்டுவை, யாழ்ப்பாணம் என்று போகிறார்கள். வந்தாறுமூலையில் வைத்தால் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்? ஊர் நூலகத்தில் வைப்போம்.

என் யோசனை இதுதான். ஒரு பிள்ளைக்கு 30,000, பதிவுக் கடிதத்தைப் பார்த்த கிழமையே ஒரே தடவையில், கேள்வியில்லாமல். பத்துப் பிள்ளைக்கு மூன்று லட்சம். அடுத்தது ஐந்து இரவல் லெப்டொப். மாதாந்த உதவிக்கு இந்தப் பத்து லட்சத்தைத் தொடவே கூடாது. வெளிநாட்டில் ஒருவர் ஒரு பிள்ளையைப் படிப்பு முடியும்வரை பொறுப்பெடுக்கட்டும்.

கல்லடியான்
பொறுப்பெடுத்தவருக்கு வேலை போனால்?

சம்மாந்துறை ராத்தா
இரண்டு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையை எடுக்கட்டும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஒருவரால் முடியாமல் போனால் மற்றவரின் பங்கு வந்துகொண்டிருக்கும், அதற்குள் வேறு ஆள் தேடலாம்.

கல்லடியான்
அப்படியென்றால் கணக்கை நான் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை நூலகச் சுவரில் ஒட்ட வேண்டும், பிள்ளைகளின் பெயர் இல்லாமல். பீடத்துக்கு ஒன்றும் இல்லை என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. அதைக் கூட்டத்தில் திரும்பவும் கேட்பேன்.

மூன்றாம் வருடம்
ஐயா, லெப்டொப் வாங்கும்போது பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, பற்றரி நிற்பதாகப் பார்த்து வாங்குங்கள். போர்டிங்கில் ஒரு பிளக்குக்கு ஆறு பேர்.