பேச வைத்து நடத்தினால் ‘சார் பாடமே நடத்துவதில்லை’ என்கிறார்கள், ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

மெக்_வாத்தியார்:
வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் எடுக்கிறேன். இந்த செமஸ்டர் போர்டு நிறைய எழுதிப் போடுவதைக் குறைத்துவிட்டு, ஒரு கணக்கைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவனோடு பேசி நீங்களே போடுங்கள் என்று விட்டுப் பார்க்கிறேன். ஃப்ரீ பாடி டயகிராமை (ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகளைக் காட்டும் படம்) நான் வரைந்து காட்டும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், அவர்கள் கையில் பென்சிலைக் கொடுத்தால்தான் ரியாக்‌ஷன் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் முழிப்பது தெரியவரும். இப்போது ஃபீட்பேக் வந்திருக்கிறது. நிறைய பேர் ‘சார் நடத்துவதில்லை, நாங்களேதான் படிக்க வேண்டியிருக்கிறது’ என்று எழுதிவிட்டார்கள். எச்.ஓ.டி. (துறைத்தலைவர்) கூப்பிட்டு, அப்ரைசலில் இடிக்கும், பழையபடியே நடத்துங்க என்கிறார். பிளேஸ்மென்ட் டிரெயினிங்குக்கு வேறு என் பீரியடை அடிக்கடி எடுத்துக்கொள்கிறார்கள், போர்ஷன் முடியுமா என்பதே சந்தேகம். நான் செய்வது சரியா, இல்லை பசங்கள் சொல்வதுதான் சரியா? எச்.ஓ.டி.யிடம் காட்ட ஆதாரம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கல்வியியல்_ஆய்வாளர்:
சார், உங்கள் நிலைமையை அப்படியே சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு இருக்கிறது. ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் கூட இருந்தவர்களும் செய்து 2019-ல் வெளியிட்டது. முதல்கட்ட இயற்பியல் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அனுபவமுள்ள ஆசிரியர் அழகாக விளக்கி நடத்தினார், இன்னொரு பாதி அதே கணக்குகளைக் குழுவாக உட்கார்ந்து தாங்களே போட்டுப் பார்த்தார்கள், அடுத்த தலைப்புக்கு இரண்டு பாதியையும் மாற்றிவிட்டார்கள். கையில் கொடுத்த தாள்கூட ஒன்றுதான். முடிந்ததும் ‘எவ்வளவு கற்றதாகத் தோன்றுகிறது’ என்று கேட்டார்கள், அப்புறம் ஒரு தேர்வும் வைத்தார்கள். அதிகம் கற்றதாகச் சொன்னது விளக்கம் கேட்டவர்கள், தேர்வில் அதிகம் எடுத்தது தாங்களே போட்டவர்கள். நல்ல பேச்சைக் கேட்கும்போது எல்லாம் தெளிவாக இருப்பது போல ஒரு மயக்கம் வருகிறது, தானே போடும்போது திணறுவதை மாணவர் ‘எனக்கு ஒன்றும் புரியவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார், அந்தத் திணறல்தான் படிப்பு என்று அவருக்குத் தெரிவதில்லை. ஆகவே உங்கள் பசங்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

எச்.ஓ.டி.க்கு எண் வேண்டுமென்றால், ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014-ல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததைக் காட்டுங்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் வெறும் விரிவுரை நடந்த வகுப்பில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் ஃபெயில், மாணவரை ஈடுபடுத்திய வகுப்பில் 21.8 சதவீதம். அரியர் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாத எச்.ஓ.டி. யாரும் இல்லை.

கடைசி_பெஞ்ச்_மெக்:
சார் தப்பா நினைக்காதீங்க, நான் ஸ்டூடன்ட், எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டு எல்லாம் சரி, எங்களுக்கு செமஸ்டரில் வருவது பத்து டூ மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க். அதற்கு எழுதுகிற மாதிரி நோட்ஸ் கையில் இல்லையென்றால் வயிற்றில் புளி கரைகிறது. குரூப் டிஸ்கஷன் என்று விட்டால் ஒருத்தன் போடுவான், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். இன்னொரு சார் யூனிட்டைப் பிரித்து ஆளுக்கொரு தலைப்பாக எங்களையே பிபிடி போட்டு செமினார் எடுக்க வைத்துவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்து சி.ஓ. அட்டெயின்மென்ட் ஷீட் (பாடத்தின் இலக்குகளை மாணவர் எட்டினாரா என்று காட்டும் படிவம்) நிரப்புகிறார், அதற்கும் ஆக்டிவ் லேர்னிங் (மாணவரை ஈடுபடுத்தி நடத்துவது) என்றுதான் பெயர். எங்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஓய்வுபெற்ற_கணக்கு_வாத்தியார்:
தம்பி சொல்வது நியாயம். வகுப்பை மாணவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது வேறு, மெக் சார் செய்வது வேறு. இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் ஹார்வர்டில் 1991 முதல் நடத்தும் முறையைப் பாருங்கள். ஒரு கருத்தைச் சுருக்கமாக விளக்கிவிட்டு ஒரு கேள்வி போடுவார், முதலில் ஒவ்வொருவரும் தனியாக, யாரையும் கேட்காமல் விடை சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் சரியாகச் சொன்னால் பேசவே வேண்டாம், அடுத்ததற்குப் போகலாம். ரொம்பக் குறைவான பேர் சொன்னால் பேசியும் பயனில்லை, ஆசிரியர் திரும்ப விளக்க வேண்டும். ஏறக்குறைய 30-லிருந்து 70 சதவீதம் வரை சரியாக இருந்தால்தான் பக்கத்தில் இருப்பவரோடு வாதம் பண்ண விடுவார், அப்புறம் மறுபடி விடை கேட்டு, கடைசியில் தானே விளக்கி முடிப்பார். அந்தக் கடைசி விளக்கத்தை விட்டுவிட்டால் ‘சார் நடத்தவில்லை’ என்ற பேர் வரத்தான் செய்யும். இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், நான் நான்கு நிற அட்டை கொடுத்துத் தூக்கச் சொல்வேன். போன் வைத்திருப்பவன் கையும் மேலே வந்தாக வேண்டும்.

மாணவர் ஃபீட்பேக்கில் ஆசிரியருக்குப் போடும் ரேட்டிங் விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்குப் பல வருஷக் கோபம் உண்டு. அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களைக் குலுக்கல் போல ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், தேர்வுத்தாள் எல்லோருக்கும் ஒன்று. அந்த விவரங்களை வைத்து காரல், வெஸ்ட் என்ற இருவர் 2010-ல் எழுதினார்கள். கால்குலஸில் அப்போதைக்கு நல்ல மார்க் வரவைத்து, நல்ல ரேட்டிங்கும் வாங்கிய ஆசிரியர்களின் மாணவர்கள், அதை நம்பி வரும் அடுத்த பாடங்களில் சராசரியாகப் பின்தங்கினார்கள். மெக்கானிக்ஸில் எளிதாகப் போய்விட்டு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் வந்து மாட்டுவதை நாம் பார்க்காததா? அடுத்த செமஸ்டரில் என்ன ஆனான் என்பதை எந்த அப்ரைசல் படிவமும் கேட்பதில்லை.

ஈரோடு_ரெக்ரூட்டர்:
வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து கொஞ்சம். பிளேஸ்மென்ட் டிரெயினிங் உங்கள் பீரியடைத் தின்கிறது என்று சொன்னீர்கள். ஆப்டிடியூட் கணக்கும் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ மனப்பாடமும் முதல் சுற்றைத் தாண்ட உதவும், மறுக்கவில்லை. டெக்னிக்கல் சுற்றில் ஒரு ஏணியைச் சுவரில் சாய்த்து வரைந்துகொடுத்து, எங்கே வழுக்கும், ஏன் என்று கேட்டால், விடை தெரிந்தவனும் வாயைத் திறக்க மாட்டான், ஏனென்றால் தான் நினைப்பதை இன்னொருவரிடம் சத்தமாகச் சொல்லிப் பழக்கமே இல்லை. உங்கள் வகுப்பில் பக்கத்து பையனிடம் ‘இல்லடா, உராய்வு இந்தப் பக்கம்’ என்று சண்டை போடுகிறானே, அதுதான் சார் மாக் இன்டர்வியூ.

தொழில் வளர்ச்சி ஆய்வுகளிலும் இது உண்டு. லென்ட், பிரவுன், ஹாக்கெட் 1994-ல் முன்வைத்த கோட்பாட்டில், ‘இது என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை ஒருவர் எந்தத் துறையை எட்டிப் பார்ப்பார் என்பதையே தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்று. அந்த நம்பிக்கையை அதிகம் வளர்ப்பது தானே செய்து முடித்த அனுபவம், மோட்டிவேஷன் ஸ்பீச் அல்ல. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022-ல் வந்த பிறகு கல்லூரிகளில் திறன் பயிற்சி கூடியிருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் பாடம் ஒரு டப்பா, வேலைத்திறன் இன்னொரு டப்பா என்று பிரித்து வைத்தால் இரண்டிலும் பையன் சும்மா உட்கார்ந்துதான் இருப்பான்.

மெக்_வாத்தியார்:
எல்லோருக்கும் நன்றி. கடைசி பெஞ்ச் தம்பி, நோட்ஸ் பயம் புரிகிறது, ஒவ்வொரு யூனிட்டுக்கும் நாலைந்து பதின்மூன்று மார்க் கணக்கை முழுசாகப் போட்டு பிடிஎஃப் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். கணக்கு வாத்தியார் சார், அட்டை தூக்குவதற்கு இன்டர்னலில் மார்க் வைக்கலாமா?

ஓய்வுபெற்ற_கணக்கு_வாத்தியார்:
வைக்காதீர்கள். சரியான விடைக்கு மார்க் என்றால் முதல் வரிசையில் எந்த நிறம் தூக்குகிறார்கள் என்று பார்த்துத்தான் பின்னால் தூக்குவார்கள், தப்பாகச் சொல்ல ஒருத்தனும் துணிய மாட்டான். மார்க் ஏதாவது கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கலந்துகொண்டதற்குக் கொடுங்கள்.

கல்வியியல்_ஆய்வாளர்:
ஒன்று சேர்க்கிறேன். டெலோரியே குழு சொன்ன பரிகாரம் எளிது, செமஸ்டர் ஆரம்பத்திலேயே இந்த ‘தோன்றுவது வேறு, கற்பது வேறு’ விஷயத்தை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, சீக்கிரமே ஒரு தேர்வும் வைத்துக் காட்டுவது. உங்களுக்கு ஆரம்பம் தாண்டிவிட்டது, இருந்தாலும் அடுத்த இன்டர்னல் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும் அன்று சொல்லுங்கள். வேறு செக்‌ஷன் மார்க்கையும் பக்கத்தில் வைத்து எச்.ஓ.டி.யிடம் கொண்டுபோங்கள், ஆனால் இரண்டு செக்‌ஷனுக்கும் ஒரே கேள்வித்தாளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலேயே பிடித்துக்கொள்வார்.