கூட உட்காரும் பையனைச் சாதி சொல்லிச் சீண்டுகிறார்கள், என் மகனுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

நெல்லை அம்மா:
மகன் ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில், கையில் சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கட்டின மூன்று பையன்கள் வந்து இவன் கூட உட்காரும் பையனின் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டு, "உன் தெருக்காரன் கூடப் போய்த் தின்னுலே" என்றார்களாம். சோறெல்லாம் தரையில். இவன் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். ராத்திரி சாப்பிடவில்லை, "நான் என்னம்மா செஞ்சிருக்கணும்?" என்று கேட்கிறான். இவன் அப்பா நமக்கெதுக்கு வம்பு என்கிறார். அவர் பயமும் புரிகிறது, 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளியில் புகார் போன பிறகுதானே வீடு தேடிப் போய் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் சேர்த்து. வாயை மூடிக்கொண்டு இரு என்று சொல்ல மனசு வரவில்லை, போய்ச் சண்டை போடு என்றும் சொல்ல முடியவில்லை.

சாக்பீஸ்:
17 வருஷமாக அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். அந்த மூன்று பேரிடம் உங்கள் மகன் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். அடி வாங்கினவனிடம் பேசட்டும். "வாடா, தண்ணி பிடிச்சிட்டு வரலாம்" என்று தோளில் கை போட்டு அங்கிருந்து கூட்டிக்கொண்டு போகட்டும், தன் டப்பாவில் பாதியை அவனுக்குக் கொடுக்கட்டும். சீண்டுகிறவனுக்கு வேடிக்கை பார்க்க ஆள் வேண்டும், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து எழுந்து போனால் பாதி வேகம் போய்விடும். இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் நாக்கு எழாது. புகாரைப் பெரியவர்கள் எழுத்தில் கொடுங்கள், பிள்ளை பெயர் அதில் வர வேண்டியதில்லை. பள்ளியில் அசைவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்தால் "எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்திரிங்க" என்று வகுப்பு நடுவில் பல வருஷம் சொன்னவன் நான். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில், அப்படிப்பட்ட பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் இருந்ததைப் படித்தபோது அன்றைக்கு எழுந்து நின்ற முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. யார் யார் என்று மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுத்ததே நாங்கள்தான்.

கடைசி பெஞ்ச்:
நான் அந்த டிபன் பாக்ஸ் பையன், ஊர்தான் வேறு. தட்டிவிட்டவன் முகம் மறந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்ட என் நண்பன் முகம் மறக்கவில்லை. ஆனால் மறுநாள் ஒருத்தன், அதுவரை என்னிடம் பேசாதவன், பக்கத்தில் வந்து உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பாதி என் மூடியில் வைத்தான், ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கும் அவன் வீட்டு விசேஷம் என்றால் முதல் ஆள் நான்தான். உங்கள் மகனுக்கு இன்னும் நேரம் போய்விடவில்லை அக்கா.

தேரிக்காடு:
வீட்டையும் பாருங்கள். பிள்ளை புது நண்பன் பெயர் சொன்னதும் "எந்தத் தெருவுப்பா?", "அவங்க என்ன ஆளுக?" என்று கேட்காத வீடு நம் பக்கத்தில் எத்தனை? என் அம்மா கேட்பார், நானும் என் மகளிடம் ஒருமுறை கேட்டுவிட்டேன், "எதுக்குப்பா கேக்குறீங்க?" என்றாள். பதில் இல்லை என்னிடம். கயிறு கட்டக் கூடாது என்று 2019-லேயே சுற்றறிக்கை வந்தது, அது கையில் கட்டுகிற கயிற்றுக்குத்தான்.

நெல்லை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தேன். முதலில் அந்தப் பையன் வேண்டாம் என்றானாம், அப்புறம் வாங்கிக்கொண்டானாம். @தேரிக்காடு, நீங்கள் சொன்ன கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். புகார் பற்றி முதலில் அவன் அம்மாவிடம் பேச வேண்டும், நாளைக்கு ஏதாவது ஆனால் ஆபத்து அவர்கள் வீட்டுக்குத்தானே. அவர் சரி என்றால் சேர்ந்தே ஹெட்மாஸ்டரைப் பார்ப்போம். இவன் அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.