வட கரோலினாவின் கிராமக் கவுண்டிகளில் மண்காப்புத் திட்டங்களும் பண்ணைக் கடனும்: அனுபவப் பகிர்வு

வெள்ளாடு வளர்க்கும் உறுப்பினர்:

மாநிலத்தின் நடுவிலுள்ள பீட்மாண்ட் பகுதியில் நிலம் வாங்கும் புதியவர்கள் பலர், அரசுத் திட்டங்களை இணையத்தில் தேடத் தொடங்கி, வரிசையாக வந்து விழும் பெயர்களைக் கண்டு மலைத்துப் போகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பெயர்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, தம் கவுண்டிக்குரிய (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) யு.எஸ்.டி.ஏ., அதாவது அமெரிக்க வேளாண் துறையின், சேவை மையத்துக்கு நிலப் பத்திரத்தோடு நேரில் போவதே நல்லது என்பேன். அத்துறையில் கடனைக் கவனிக்கும் எஃப்.எஸ்.ஏ. பிரிவும், மண்ணையும் நீரையும் கவனிக்கும் என்.ஆர்.சி.எஸ். பிரிவும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன.

அங்கே முதலில் வேண்டியது பண்ணை எண். பத்திரமோ குத்தகை ஒப்பந்தமோ, அடையாள அட்டையும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் இருந்தால், எஃப்.எஸ்.ஏ. அலுவலர் வான்வழிப் படத்தில் நிலத்தின் எல்லையைக் குறித்து எண்ணைப் பதிவு செய்துவிடுவார். எளிதில் அரிக்கப்படும் நிலத்தையும் ஈரநிலத்தையும் கெடுக்க மாட்டேன் என்று உறுதியளிக்கும் ஏ.டி.-1026 படிவத்தையும், வருமான வரம்புப் படிவத்தையும் அப்போதே முடித்துவிடுங்கள். இவையின்றி, மண்ணையும் நீரையும் காக்கும் வேலைகளின் செலவில் ஒரு பங்கைத் தரும் என்.ஆர்.சி.எஸ். திட்டமான ஈக்விப்புக்கான விண்ணப்பம் நகராது.

என் நிலத்தைப் பார்க்க வந்த என்.ஆர்.சி.எஸ். அலுவலர், ஆடுகள் தண்ணீருக்கு இறங்கிச் சரிந்துபோன ஓடைக்கரையில், மரவேர்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த இடத்துக்குச் சற்று மேலே மண்வெட்டியைச் செருகி ஒரு பாளம் எடுத்துக் காட்டினார். மேலே இரண்டு விரற்கடைக்குக் கருமண், அதற்குக் கீழே செங்கல்போல் இறுகிய சிவப்புக் களி. ஓடையோரம் வேலி, மேட்டில் தண்ணீர்த் தொட்டி, மேய்ச்சல் நிலத்தைத் தடுத்து மாற்றி மாற்றி மேய்த்தல் என்று அவர் திட்டம் வரைந்து கொடுத்தார்.

இதை இலவசம் என்று எண்ண வேண்டாம். பொதுவாக வேலையை நாமே முடித்து, அவர்கள் அளந்து ஒப்புக்கொண்ட பிறகே பணம் வரும். வேளாண்மையில் பத்தாண்டுகளுக்கு மேற்படாத புதியவர்களுக்குச் செலவில் கூடுதல் பங்கும், பொருள் வாங்க முன்பணம் கேட்கும் வாய்ப்பும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் ஒரு கம்பம் நட்டாலும் அந்த வேலைக்குரிய தொகை கைவிட்டுப் போகலாம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஆள் கிடைத்த அவசரத்தில் வேலியை முன்கூட்டியே போட்டு, முழுச் செலவையும் தாமே ஏற்க நேர்ந்தது.

இந்த ஏற்பாட்டுக்கும் இந்த மாநிலத்துக்கும் பழைய உறவு உண்டு. 1935இல், என்.ஆர்.சி.எஸ்.ஸின் முன்னோடியான மண் பாதுகாப்புப் பணித்துறையை வழிநடத்தத் தொடங்கிய ஹியூ ஹாமண்ட் பென்னட், ஆன்சன் கவுண்டியில் பிறந்தவர். நாட்டின் முதல் மண் பாதுகாப்பு மாவட்டமான (மண்காப்புக்கென அமைந்த உள்ளூர் அமைப்பு) பிரவுன் கிரீக் 1937இல் அமைந்ததும் அங்கேதான். இன்றும் அத்தகைய மாவட்ட அலுவலகங்கள் மாநில அரசின் தனிச் செலவுப் பகிர்வுத் திட்டத்தை நடத்துகின்றன. கூட்டாட்சி வரிசையில் இடம் கிடைக்காதவர்கள் அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

காய்கறி பயிரிடும் உறுப்பினர்:

கடன் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 2018 வேளாண் சட்டப்படி எஃப்.எஸ்.ஏ. நேரடிக் கடனின் உச்சவரம்பு நடைமுறைச் செலவுக்கு 4 லட்சம் டாலர், நிலம் வாங்க 6 லட்சம் டாலர். எங்களைப் போன்ற சிறு பண்ணைக்குப் பொருந்துவது 50,000 டாலர் வரையிலான மைக்ரோலோன் என்னும் சிறுகடன். அதற்குப் படிவங்களும் குறைவு. வேறு இடத்தில் நியாயமான நிபந்தனையில் கடன் கிடைக்காதவருக்கே இது என்பதால், வங்கி மறுத்த கடிதத்தைக் கிழித்தெறியாமல் கோப்பில் வைத்திருங்கள்.

நான் முதலில் போன மையத்தில், படிவத்தைக்கூடக் கொடுக்காமல் உங்களுக்கு இது சரிப்படாது என்று வாய்மொழியாகவே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். வாய்ப்பேச்சை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோவது கடினம். ஆகவே எதற்காக வந்தோம், என்ன பதில் கிடைத்தது என்பதைக் குறிக்கும் சேவை ரசீதைக் கேட்டு வாங்கினேன். 2014 வேளாண் சட்டம் அதைத் தரும்படி கட்டாயப்படுத்துகிறது. அதன் பிறகு விண்ணப்பம் கைக்கு வந்தது. எழுத்தில் மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். 30 நாள்களுக்குள் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவை நாடலாம். முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாலும், ஒரு தாள் குறைந்தாலும் அந்தக் கணக்கு தொடங்காது என்பதால், விதைப்புக்குப் பணம் வேண்டுவோர் அறுவடை முடிந்த கையோடு வரவுசெலவுக் கணக்கை எழுதி எடுத்துப் போவது நல்லது.