ரோட்டில் லோடு சரிந்ததைப் பார்த்தவர்கள் உண்டா?

பள்ளத்தூரான்:
திருமயம் தாண்டி காரைக்குடி வரும்போது முன்னால் ஒரு லாரி. எங்கேயோ இடித்த வீட்டுத் தூண்கள், பர்மாத் தேக்கு. ஒன்று மட்டும் பின்கதவைத் தாண்டி நாலடி நீட்டிக்கொண்டு, முனையில் சிவப்புத் துணிக்குப் பதில் ஒரு பழைய பனியன். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் கயிறு தொய்ந்தது, தூண் ஒரு சாண் பின்னால் வந்தது. ஹாரன் அடித்தேன். வழி கேட்கிறேன் என்று நினைத்து, டிரைவர் கையை வெளியே நீட்டி 'போ போ' என்றார். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

லோடுமேன் மகன்:
பனியனோ பட்டுத்துணியோ, நீட்டுவதே தப்பு. முன்பு பின்னால் ஒரு மீட்டர் வரை விட்டிருந்தார்கள், 2014இல் அதையும் எடுத்தாயிற்று. இப்போது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194(1ஏ), அபராதம் 20,000 ரூபாய், இறக்குகூலி தனி. அப்பாவைக் கேட்டால் கயிறு போட்டவனைத்தான் திட்டுவார்.

ஆத்தங்குடி மருமகள்:
அபராதம் இருக்கட்டும் தம்பி. எங்கள் வீட்டுக்கு வந்த பூக்கல்லை, அதாவது பூப்போட்ட தரை ஓட்டை, நிறுத்தி வைக்காமல், இடையில் வைக்கோலும் செருகாமல், குட்டியானையில் படுக்கப்போட்டு அடுக்கிவிட்டார்கள். குன்றக்குடி வளைவில் ஒரே ஒரு பிரேக். தட்டு அலமாரி சாய்ந்த மாதிரி சத்தம். முற்றத்துக்கு எடுத்த பச்சைப் பூ ஒன்றுகூட முழுசாகத் தேறவில்லை.

டெக்சாஸ் தேவகோட்டையான்:
இங்கே டிரெய்லர் ஓட்டுகிறேன். ஒருமுறை லோடு கட்டிய பெல்ட் அறுந்தது, பிழைத்தேன், அவ்வளவுதான். நம் ஊரில் கயிற்றை முடிச்சுப்போட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இங்கே லோடு எடையில் பாதியையாவது பெல்ட், சங்கிலி எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டும். 10 டன் என்றால் 5 டன். மாநிலப் போலீசும் மத்திய விதியை வைத்துத்தான் பிடிப்பார்கள். கிளம்பிய முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், இறங்கிப் பார்க்க வேண்டும். அப்புறம் 150 மைலுக்கோ 3 மணி நேரத்துக்கோ ஒருமுறை, எது முந்தியோ அது. மரம் குலுங்கக் குலுங்கப் படியும், கட்டு தானாகத் தொய்யும். தூணுக்கு அடியில் ஆப்பு வையுங்கள். நைலான் கயிற்றை நம்பாதீர்கள், கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் வாங்குங்கள். கூர்முனையில் சாக்கு மடித்து வையுங்கள்.

லோடுமேன் மகன்:
அண்ணே, 80 கிலோமீட்டர் என்றால் திருமயத்திலிருந்து காரைக்குடி தாண்டி, தேவகோட்டையும் தாண்டிவிடும். அதற்குள் தூண் ரோட்டில் கிடக்கும்.

பள்ளத்தூரான்:
நான் கயிற்றுக் கணக்குக் கேட்கவில்லை அண்ணே. அவர் கை காட்டியதும் முந்திக்கொண்டு வந்துவிட்டேன். நிறுத்தச் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தால், நான் விட்ட இடத்துக்கு ஒரு பைக் வந்துவிட்டது. இரண்டு பேர்.