புது டேப்லெட்டில் திக்கும் வீடியோ பழைய ஃபோனில் சரியாக ஓடுகிறது, எதை ஒப்பிட்டு வாங்குவது?

தூரிகை எழுதியது:

வணக்கம். என் ஃபோன் நாலைந்து வருடப் பழையது, ஆனால் வந்த காலத்தில் அந்த நிறுவனத்தின் உச்ச மாடல். டேப்லெட் புதியது, நடுத்தர வகை, எட்டு கோர், 8 ஜிபி ரேம். ஃபோனில் எடுத்த 4கே 60 ஃபிரேம் வீடியோவை அதிலேயே போட்டுப் பார்த்தால் ஒரு சிக்கலும் இல்லை. அதே கோப்பை டேப்லெட்டுக்கு மாற்றிப் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் குரல் முன்னால் போய்விடும், படம் பின்னால் வரும். யூடியூப் ஓடுகிறது, ஆனால் டேப்லெட்டின் முதுகு சுடுகிறது, பேட்டரியும் கண் முன்னாலேயே இறங்குகிறது. பணம் கட்டிப் பார்க்கிற ஸ்ட்ரீமிங் செயலியில் ஃபோனில் பளிச்சென்று தெரியும் படம் டேப்லெட்டில் மங்கலாகத்தான் வருகிறது, இத்தனைக்கும் இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. இன்னொரு புதிரும் உண்டு. பழைய அனிமே எம்கேவி கோப்புகள் சில இருக்கின்றன, வெறும் 1080பி, அளவும் சின்னது, ஆனால் இரண்டு கருவிகளையுமே படுத்தி எடுக்கின்றன.

டேப்லெட்டை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். வீடியோ பார்ப்பதுதான் முக்கிய வேலை, கேம் விளையாடுவது கிடையாது. விளம்பரங்களில் கோர் எண்ணிக்கை, ரேம், பெஞ்ச்மார்க் ஸ்கோர் இவைதான் கண்ணில் படுகின்றன. இதில் எதைப் பார்த்து முடிவு செய்வது?


சலனம் எழுதியது:

நீங்கள் சொன்ன மூன்றில் எதுவுமே வீடியோவுக்குப் பெரிதாக உதவாது. மொபைல் சிப்பில் சிபியு, ஜிபியு தவிர வீடியோவுக்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது, அதுதான் ஹார்டுவேர் டிகோடர், சுருக்கி வைத்த வீடியோவை விரித்துப் படமாக்குவது அதன் வேலை. எந்தெந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), வண்ணத்துக்கு எத்தனை பிட், நொடிக்கு எத்தனை பிக்சல் வரை அது தாங்கும் என்பதெல்லாம் சிப்பை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிற விஷயம். கோப்பு அந்த வரம்புக்குள் இருந்தால் சிபியுவுக்கு வேலையே இருக்காது, கருவி குளிர்ச்சியாக மணிக்கணக்கில் ஓடும். வரம்பைத் தாண்டினால் மொத்த வேலையும் சிபியுவின் தலையில் விழும், அப்போதுதான் சூடு, திக்கல், பேட்டரி இறக்கம் எல்லாம் சேர்ந்து வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே என்றால் 3840 பெருக்கல் 2160, அதை 60 ஃபிரேமால் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி பிக்சல். 1080பி 60 ஃபிரேம் என்றால் அதில் கால் பங்குதான். உச்ச வகைச் சிப்புக்கு 4கே 60 சாதாரணம், வீடியோ எடுப்பதும் அந்த அளவில்தான் என்பதால் அதற்கான ஹார்டுவேர் உள்ளே இருந்தே ஆக வேண்டும். நடுத்தரச் சிப் பலவற்றின் எல்லை 4கே 30, சிலவற்றின் எல்லை அதற்கும் கீழே. அதனால் பழைய உச்ச மாடல் புது நடுத்தர மாடலை வீடியோவில் தோற்கடிப்பது அடிக்கடி நடக்கிற ஒன்று.

இது இன்று நேற்று வந்த கதையும் இல்லை. 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் பலவற்றில் என்விடியாவின் டெக்ரா 2 சிப் இருந்தது. இரட்டை கோர், பெஞ்ச்மார்க்கில் அப்போது முன்னணி. ஆனால் ஹெச்.264 என்கிற கோடெக்கின் ஹை புரொஃபைல், அதாவது கூடுதலாகச் சுருக்கும் வகைக் கோப்புகளை அதன் டிகோடரால் சமாளிக்க முடியவில்லை, சிபியுவிடம் தள்ளலாம் என்றால் அதில் இந்த மாதிரிக் கணக்குகளை வேகமாகப் போட உதவும் நியான் வசதியும் கிடையாது. அதற்கு முந்தைய வருடம் வந்த ஒற்றை கோர் சாம்சங் கேலக்ஸி எஸ் ஃபோன் 720பி எம்கேவியை அலட்டாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. கோர் எண்ணிக்கையை வைத்து வீடியோவை எடை போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து கோடெக். ஹெச்.264 வந்தது 2003-ல், அதை ஓட்டாத கருவியே இப்போது கிடையாது. ஹெச்இவிசி, விபி9 இரண்டும் 2013. கடந்த சில வருடங்களில் வந்த எந்தச் சிப்பிலும் இவை அநேகமாக இருக்கும், 10-பிட் வரை போகுமா என்பதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். உண்மையான வித்தியாசம் 2018-ல் வந்த ஏவி1-ல்தான். மீடியாடெக் 2019-லேயே டைமென்சிட்டி 1000-ல் ஏவி1 டிகோடரை வைத்துவிட்டது. 2021-ல் சாம்சங்கின் எக்ஸினோஸ் 2100-லும் கூகுளின் முதல் டென்சரிலும் வந்தது. குவால்காம் நிதானமாக 2022 கடைசியில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2-ல்தான் கொடுத்தது, அதற்கு முந்தைய 8 ஜென் 1-ல் கிடையாது. ஆப்பிள் இன்னும் தாமதம், 2023-ல் வந்த ஏ17 புரோவும் எம்3-யும்தான் தொடக்கம். ஆக, 8 ஜென் 1 இருக்கிற கேலக்ஸி டேப் எஸ்8-ல் ஏவி1 ஹார்டுவேர் இல்லை, 8 ஜென் 2 இருக்கிற டேப் எஸ்9-ல் உண்டு. எம்2 ஐபேட் ஏரில் இல்லை, எம்3 ஐபேட் ஏரில் உண்டு. ஏ17 புரோ இருக்கிற ஐபேட் மினியில் உண்டு, அதற்குப் பிறகு 2025-ல் வந்த ஏ16 சாதா ஐபேடில் இல்லை! வெளியான வருடத்தை மட்டும் பார்த்து வாங்கினால் இங்கேதான் ஏமாறுவோம். சிப்பின் பெயரைப் பாருங்கள், பிறகு அந்தச் சிப் தயாரிப்பாளரின் பக்கத்தில் வீடியோ டிகோட் வரியைப் படியுங்கள்.

உங்கள் அனிமே கோப்புகள் பெரும்பாலும் ஹை10பி ஆக இருக்கும், அதாவது 10-பிட் ஹெச்.264. 2011 வாக்கில் ரசிகர் குழுக்கள் கூட்டமாக இதற்கு மாறின, ஏனென்றால் வண்ணம் படிப்படியாக மாறும் இடங்களில் கோடு விழாமல் சின்ன அளவில் நல்ல தரம் கிடைத்தது. ஆனால் மொபைல் டிகோடர்கள் 10-பிட்டை ஹெச்இவிசியிலிருந்துதான் ஆதரிக்கத் தொடங்கின, ஹெச்.264-ல் 10-பிட்டைப் பெரும்பாலான சிப்புகள் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் எவ்வளவு செலவழித்து ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கினாலும் அந்தக் கோப்புகள் சிபியுவில்தான் ஓடப் போகின்றன. இந்த ஒரு இடத்தில் மட்டும் வேகமான சிபியு உதவும்.


நீலவானம் எழுதியது:

சலனம் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் ஸ்ட்ரீமிங் மங்கலுக்கு டிகோடர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அது வைட்வைன் பிரச்சினை, அதாவது படத்தைத் திருட்டு நகல் எடுக்காமல் காக்கும் கூகுளின் டிஆர்எம் பூட்டு. ஆண்ட்ராய்டில் எல்1, எல்3 என்று பாதுகாப்பு நிலைகள் இருக்கின்றன. எல்1 என்றால் மறைகுறியை நீக்குவதும் டிகோட் செய்வதும் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே நடக்கும், எல்3-ல் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் சாஃப்ட்வேரில் நடக்கும். எல்3 கருவிக்கு நெட்ஃபிளிக்ஸ் 480பிக்கு மேல் கொடுக்காது. டிஆர்எம் இன்ஃபோ மாதிரி ஒரு செயலியைப் போட்டால் உங்களுடையது எந்த நிலை என்று உடனே காட்டிவிடும். பூட்லோடரை (கருவியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளின் பூட்டை) திறந்தால் சில கருவிகள் எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கிவிடும், அதையும் நினைவில் வையுங்கள். ஆப்பிள் கருவிகளில் ஃபேர்பிளே என்கிற வேறு முறை, அங்கே இந்த எல்1, எல்3 குழப்பம் இல்லை.

அப்புறம் திரை. இதை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 24-ஐச் சமமாகப் பிரிக்க முடியாது, அதனால் ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு சின்ன உதறல் தெரிகிறதே, அது இதனால்தான், டிகோடர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போகாது. 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக ஐந்து முறை வரும், 30-க்கும் 60-க்கும் அதே திரை பொருந்தும். 90 ஹெர்ட்ஸ் என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள், ஆனால் 24 அதில் வகுபடாது. வேகம் அதிகம் என்பதால் மட்டும் சினிமாவுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹெச்டிஆர், அதாவது வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வித்தியாசத்தோடு தெரியும் படம், அது பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் ஹெச்டிஆர் ஆதரவு என்று போட்டிருந்தால் கோப்பைத் திறந்து ஓட்டும் என்பது மட்டும்தான் பல நேரம் அர்த்தம். ஹெச்டிஆர்10 படங்களை 1000 நிட் (திரைப் பிரகாசத்தின் அளவு) அல்லது அதற்கும் மேலான பிரகாசத்துக்குத் தயாரிக்கிறார்கள். 400 நிட் எல்சிடி திரையில் அதைச் சுருக்கித்தான் காட்ட முடியும், சில செயலிகள் அதையும் சரியாகச் செய்யாமல் படத்தை வெளிறிப்போன மாதிரி காட்டும். அந்த மாதிரித் திரைக்குச் சாதாரண எஸ்டிஆர் பதிப்பே மேல்.


தூரிகை எழுதியது:

இருவருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. சொன்னபடி பார்த்தேன். டேப்லெட் எல்3 என்றுதான் காட்டுகிறது, ஃபோன் எல்1. எம்எக்ஸ் பிளேயரில் அந்த 4கே வீடியோவைப் போட்டால் மேலே எஸ்டபிள்யூ (சாஃப்ட்வேர்) என்று வருகிறது, ஃபோனில் ஹெச்டபிள்யூ (ஹார்டுவேர்). யூடியூபில் வீடியோவின் விவரம் காட்டும் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸைத் திறந்தால் டேப்லெட்டில் ஏவி01 (ஏவி1) என்றும் ஃபோனில் விபி09 (விபி9) என்றும் இருக்கிறது. ஃபோனில்தானே புதுசு வர வேண்டும், ஏன் தலைகீழாக இருக்கிறது? டேப்லெட்டில் ஸ்டோரேஜ் இஎம்எம்சி வகை, அது மெதுவாக இருப்பதால் 4கே திக்குமோ என்றும் ஒரு சந்தேகம்.


சலனம் எழுதியது:

ஸ்டோரேஜை விட்டுவிடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் கோப்பாக இருந்தாலும் அது 12.5 எம்பிதான், எந்த இஎம்எம்சியும் அதைப் படித்துக் கொடுத்துவிடும். எஸ்டபிள்யூ என்று வருவதே பதில்: அந்தக் கோப்பை ஹார்டுவேர் டிகோடர் ஏற்கவில்லை.

ஏவி1 தலைகீழாக இல்லை. ஹார்டுவேர் இல்லாத கருவிகளிலும் ஏவி1-ஐ சிபியுவில் ஓட்ட முடியும். விஎல்சிக்குப் பின்னால் இருக்கிற விடியோலான் குழு உருவாக்கிய டேவ்1டி என்கிற டிகோடர் அவ்வளவு திறமையானது. நெட்ஃபிளிக்ஸ் 2020-லேயே ஆண்ட்ராய்டு செயலியில் இதை வைத்துத்தான் ஏவி1 கொடுக்கத் தொடங்கியது, டேட்டா மிச்சமாகும் என்பதற்காக. குறைந்த தெளிவில் இது நல்ல ஏற்பாடு, நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1080பிக்கு மேல் போகும்போது நடுத்தர சிபியு மூச்சு வாங்கும். உங்களுடையது எந்த வகை என்று உறுதி செய்ய, கோடெக் இன்ஃபோ செயலியில் ஏவி1 வரியைப் பாருங்கள். பெயர் சி2.ஆண்ட்ராய்டு என்று தொடங்கினால் சாஃப்ட்வேர். சி2.க்யூடிஐ என்றால் குவால்காம் ஹார்டுவேர், சி2.எம்டிகே என்றால் மீடியாடெக். ஒவ்வொன்றின் கீழேயும் அதிகபட்ச அளவும் ஃபிரேம் வேகமும் இருக்கும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கருவியில் இந்தச் செயலியைப் போட அனுமதித்தால் வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிடலாம், விமர்சனக் கட்டுரைகள் பத்தைப் படிப்பதைவிட இது மேல்.

இன்னொன்று, உங்கள் கோப்புகள் என்ன வகை என்று கணினியில் மீடியாஇன்ஃபோவில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெச்இவிசி மெயின் 10, லெவல் 5.1 என்கிற மாதிரி வரும், மெயின் 10 என்றால் 10-பிட். லெவல் 5 என்றால் 4கே 30, 5.1 என்றால் 4கே 60. அந்த வரியையும் கருவியின் வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நீங்கள் கேட்ட ஒப்பீடு.


மரகதம் எழுதியது:

தாமதமாக வந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும், திரையின் வடிவம். அகலத்திரைப் படங்கள் பல 2.39-க்கு 1 விகிதம். 4:3 டேப்லெட்டில் அது திரையின் 56 சதவீதத்தைத்தான் நிரப்பும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. 16:10 என்றால் 67 சதவீதம், 20:9 ஃபோனில் 93. ஒரே 11 அங்குலம் என்று சொன்னாலும் படத்தின் அளவு ஒன்றில்லை. படிக்கவும் வரையவும் 4:3 அருமை, படம் பார்ப்பதுதான் முக்கிய வேலை என்று நீங்களே சொல்லிவிட்டதால் நான் 16:10 பக்கம்தான் நிற்பேன். அதோடு திரையே 1920க்கு 1200 என்றால் 4கே கோப்பை ஏற்றிச் சுமப்பதில் பயன் இல்லை, 1080பியாக மாற்றி வைத்தால் இப்போதிருக்கும் டேப்லெட்டிலேயே ஹார்டுவேரில் ஓடும்.

எம்கேவியில் படம் வந்து சத்தம் வராவிட்டால் பயப்படாதீர்கள், அது டிடிஎஸ் அல்லது டால்பி ஆடியோவுக்கு உரிமம் இல்லாத செயலி. விஎல்சியில் திறந்தால் கேட்கும், ஆடியோவை சிபியுவில் ஓட்டுவது பெரிய சுமை இல்லை.

டிவியில் கேபிள் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் யுஎஸ்பி-சி என்பதை மட்டும் நம்ப வேண்டாம். துளை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே யுஎஸ்பி 2.0 மட்டும் இருந்தால் பெரும்பாலும் வீடியோ வெளியே வராது. விவரப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (யுஎஸ்பி-சி வழியே வீடியோ அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். ஐஃபோன் 15-லிருந்து உண்டு, பிக்சலில் 8-லிருந்து, சாம்சங்கின் எஸ் வரிசை டேப்லெட்கள் பலவற்றில் உண்டு. நடுத்தர டேப்லெட்களில் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.