ஃபியூச்சுராவின் சாய்வெழுத்து தாவரப் பெயர்களுக்குப் பொருந்துமா?

பக்கவடிவம் கேட்டது:

எங்கள் ஊர்ப் பூங்காவின் மரங்களைப் பற்றி, தமிழும் ஆங்கிலமுமாக 48 பக்கச் சிறுநூல் ஒன்றை வடிவமைத்து வருகிறேன். ஆங்கிலப் பகுதி முழுவதையும் ஃபியூச்சுரா என்ற எழுத்துருவில் அமைத்திருக்கிறேன். வேம்பின் 'அசாடிராக்டா இண்டிகா' போன்ற தாவரவியல் பெயர்களைச் சாய்வாகத் தருவது மரபு. என்னிடம் நேரெழுத்து மட்டுமே இருந்ததால், மென்பொருளின் சாய்வுப் பொத்தானை அழுத்திச் சமாளித்தேன். மெய்ப்பு அச்சாகி வந்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன. ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஓ'வின் (o) வட்டம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் கோணலாக இருக்கிறது. மேலும், சற்றுத் தள்ளி வைத்துப் படித்தால் தாவரப் பெயர் எது, சுற்றியுள்ள வாக்கியம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. உரிமம் பெற்று, வடிவமைப்பாளரே சாய்த்து வரைந்த ஒப்லீக் வடிவத்தை வாங்கினால் இவ்விரண்டும் தீருமா?

வட்டக்கோல் எழுதியது:

முதல் குறை தீரும், இரண்டாவது தீராது. காரணங்கள் வெவ்வேறானவை.

சாய்வுப் பொத்தான், எழுத்தின் அடிக்கோட்டை அசையாமல் நிறுத்தி, உயரம் கூடக் கூட ஒவ்வொரு புள்ளியையும் வலப்புறம் தள்ளுகிறது; அடுக்கி வைத்த சீட்டுக்கட்டை ஓரமாகத் தள்ளிச் சரிப்பது போன்றது அது. அப்போது வட்டம் வலது மேல்மூலை நோக்கி நீளும் நீள்வட்டமாகிறது. வலது மேற்புறத்திலும் இடது கீழ்ப்புறத்திலும் கோடு தடிக்க, எதிர்மூலைகள் இரண்டும் மெலிகின்றன. 'வி' (v) எழுத்தின் இடக்கால் நிமிர்ந்து தடிக்கும், வலக்கால் இன்னும் படுத்து மெலியும். 12 பாகை சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் சுமார் 2 விழுக்காடு மெலிகின்றன. கிடைக்கோடுகள் அப்படியே நிற்கின்றன. செரிஃப் எழுத்தில், அதாவது கோட்டு முனைகளில் சிறு நீட்சிகள் உள்ள எழுத்தில், தடிமன் வேறுபாடு இயல்பாகவே இருப்பதால் கண் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சீரான கோட்டையே உயிராகக் கொண்ட எழுத்துருவில் அதற்கு வழியில்லை.

பால் ரென்னர் வரைந்து, ஃபிராங்க்ஃபர்ட்டின் பவர் எழுத்து வார்ப்பகம் 1927இல் வெளியிட்ட ஃபியூச்சுராவின் நேரெழுத்துகூட, பார்வைக்குத் தோன்றுவது போல் கவராயத்தால் மட்டும் வரைந்தது அன்று. வளைவு தண்டை, அதாவது எழுத்தின் செங்குத்துக் கோட்டை, தொடும் இடங்களில் கோடு மெல்லக் குறைக்கப்பட்டிருப்பதை உருப்பெருக்கிப் பார்த்தால் தெரியும். முறையான ஒப்லீக்கில் இதே கவனத்தோடு, சாய்த்தபின் விளைந்த கோணல்களை வரைஞர் ஒவ்வொன்றாகத் திருத்துகிறார். நீங்கள் விலை கொடுப்பது அந்த உழைப்புக்கே.

இரண்டாவது குறையோ வடிவத்திலேயே இருக்கிறது. 1501இல் வெனிஸில் அச்சகர் ஆல்டஸ் மனூட்டியஸ் அச்சிட்ட இட்டாலிக் என்னும் சாய்வெழுத்து, பேனாவால் எழுதிய விரைவுக் கையெழுத்திலிருந்து பிறந்தது. அதனால்தான் செரிஃப் குடும்பங்களில் மேலே வளைவும் கீழே வட்டமுமாக உள்ள நேரெழுத்தின் ஈரடுக்கு 'ஏ' (a), இட்டாலிக்கில் வட்டமும் தண்டும் மட்டுமான ஓரடுக்காகிறது (ɑ). எழுத்து சாய்வதோடு உருவமும் மாறுகிறது. ஃபியூச்சுராவில் 'ஏ' நேரெழுத்திலேயே ஓரடுக்கு. மாறுவதற்கு உருவம் மிச்சமில்லை. கோணம் ஒன்றுதான் மாறுகிறது. 9 புள்ளி அளவில் அந்தக் கோணத்தை மட்டும் நம்ப முடியாது.

செவ்வண்ணம் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இவ்வகைச் சாய்வெழுத்தே வலுவற்றது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பெரிய அளவிலும் தடித்த எடையிலும் அதற்கு நிகரானவை குறைவு. அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர், கறுப்பு வெள்ளைப் படங்களின்மேல் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக ஃபியூச்சுரா போல்டு ஒப்லீக்கைப் பதித்த படைப்புகளைப் பாருங்கள். அந்தச் சொற்கள் அசையாமல் நின்று அறிவிப்பதில்லை, நம்மை நோக்கி எட்டு வைத்து வருகின்றன. நியூயார்க்கின் சுப்ரீம் ஆடை நிறுவனத்தின் சிவப்புப் பெட்டிச் சின்னமும் அந்த மரபில் வந்ததுதான். ஃபியூச்சுராவைப் போலவே வட்டங்களால் ஆன அவாண்ட் கார்ட் கோத்திக் எழுத்துரு 1970இல் வந்தபோது சாய்வு வடிவமே இல்லை. 1977இல் ஸ்விட்சர்லாந்து வடிவமைப்பாளர் மூவர் அதைத் தனியே வரைந்து சேர்த்தார்கள். பொத்தானை அழுத்திச் சாய்த்தால் போதும் என்றால் மூவருக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

உங்கள் நூலில் ஒப்லீக்குக்கு இடம் அட்டையும் பகுதித் தலைப்புகளும்தான்.

அச்சுமை எழுதியது:

தாவரப் பெயர்களுக்கு என் யோசனை: அவற்றை மட்டும் காரமாண்ட் என்ற செரிஃப் எழுத்துருவின் இட்டாலிக்கில் வையுங்கள். ஃபியூச்சுராவின் சிற்றெழுத்துகள் சிறியவை, 'பி' (b), 'டி' (d) போன்றவற்றின் மேல்நோக்கி நீளும் மேல்தண்டுகள் உயரமானவை. காரமாண்டின் அளவு விகிதமும் ஏறக்குறைய அதுவே என்பதால் ஒரே வரியில் இரண்டும் உறுத்தாமல் இருக்கும்.

தமிழ்ப் பகுதியில் எதையும் சாய்க்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில இட்டாலிக்கைப் போலத் தனியாக வளர்ந்த சாய்வு மரபு நம் எழுத்துக்கு அமையவில்லை. பெயரைத் தனித்துக் காட்ட ஒற்றை மேற்கோளோ தடித்த எழுத்தோ போதும். நூலை இணையத்திலும் ஏற்றுவதாக இருந்தால், எழுத்துருவில் இல்லாத சாய்வை உலாவி தானே உருவாக்காதபடி, பக்கத்தின் தோற்ற விதிகளைக் கொண்ட நடைதாளில் (சிஎஸ்எஸ்) தடுத்துவிடுங்கள். இல்லையேல் அச்சில் நீக்கிய கோணல் திரையில் திரும்ப வரும்.

பக்கவடிவம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நான்கு பக்கங்களைக் காரமாண்ட் இட்டாலிக்கோடு மாற்றி அச்செடுத்துப் பார்த்தேன். அதன் அளவை அரைப் புள்ளி கூட்ட வேண்டியிருந்தது. அதன்பின் பெயர்கள் வரியைக் குலைக்காமல் தனித்து நின்றன. அட்டைத் தலைப்புக்கு மட்டும் முறையான ஒப்லீக்கின் உரிமம் வாங்கப் போகிறேன். தமிழ்ப் பக்கங்களில் பெயர்களை ஒற்றை மேற்கோளுக்குள் இட்டுவிட்டேன்.